முயல் முன்பே சொன்னது

என் அம்மா காலத்துச் செல்லூர்த் தறித்தெருக்களில், நாள் தள்ளிப்போன பெண்கள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். கருவா இல்லையா என்று அறிய அன்று விற்கப்பட்டவை, அதிக அளவு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் கலந்த மாத்திரைகள்.

ஈஸ்ட்ரோஜன் பற்றி விலங்குகள் முன்பே சொல்லியிருந்தன. 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கியது. அதே ஆண்டு நடந்த சோதனைகளில் அத்தகைய மருந்துகள் முயல், எலிகளின் இளங்கருவைக் கலைத்தன. பிறகும், கருச்சிதைவைத் தடுக்கும் என்று அதையே அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971இல் பாஸ்டனில் அரிய யோனிப் புற்றுநோய் கண்ட 8 இளம்பெண்களில் 7 பேரின் தாய்மார் கர்ப்பத்தில் அதை உட்கொண்டவர்கள்.

தாலிடோமைடு கொடுமைக்குப் பின், 1966இல் அமெரிக்கா கருவுறுதல், கருக்காலம், பேறுகாலம் என மூன்று கட்டங்களில் மருந்துகளை விலங்குகளில் சோதிக்க வழிகாட்டியது. 1967இல், கர்ப்பப் பரிசோதனை மாத்திரைகள் சிசுவைப் பாதிக்கலாம் என்று பிரிட்டன் மருத்துவர் இசபெல் கால் எச்சரித்தார். இந்தியாவில் அவற்றுக்கு உறுதியான தடை வந்தது 1988இல்தான்; அதுவும் பெண்கள் அமைப்புகளும் மக்கள் நலவாழ்வு இயக்கங்களும் போராடிய பிறகு.

சோதனைக்கூடம் தானாகவே பெண்ணைக் காப்பாற்றுவதில்லை. அங்கே கண்டது பெண்ணின் காதுக்கு வந்துசேர வேண்டும். அதற்கு நாம்தான் கேட்க வேண்டும்.