கிழிக்கப்படாத டிக்கெட்டுகள்

வுட்ஸ்டாக் இசைவிழாவின் டிக்கெட்டுகள் இன்றைக்கும் பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் கிடைக்கின்றன. அதில் ஒரு விசேஷம், பல டிக்கெட்டுகள் கிழிபடாமல் முழுசாக இருக்கும். 1969 ஆகஸ்டில் அவற்றை வாங்கிக் கிழிக்க வாசலில் ஆளே இல்லை. வாசலே இல்லைன்னு சொல்வதுதான் சரி.

வுட்ஸ்டாக் என்றாலே மழை, சேறு, ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிடார் என்று விழா நடந்த நாட்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அதற்கு முந்தைய வாரங்கள்தான் சுவாரசியமாகப் படுகின்றன. அந்த இளைஞர் கூட்டம் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்த வாரங்கள்.

முன்பதிவு செய்தால் மூன்று நாளைக்கு 18 டாலர், வாசலில் வாங்கினால் 24. அப்போது அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினோரு மணி நேரத்துக்கு மேல் உழைத்த காசு. நியூயார்க் வட்டாரத்து இசைத்தட்டுக் கடைகளில் வாங்கலாம். இல்லாவிட்டால் ஒரு தபால் பெட்டி எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டு தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியும் சுமார் 1,86,000 டிக்கெட்டுகள் முன்கூட்டியே விற்றன.

இதற்கிடையில் விழாவுக்கு இடமே இல்லாமல் போனது. வால்கில் என்ற ஊரில் நடத்துவதாக ஏற்பாடு. ஹிப்பிக் கூட்டம் தங்கள் ஊருக்கு வருவது அங்கிருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஜூலை 15 அன்று அனுமதி கிடையாதுன்னு கைவிரித்துவிட்டார்கள். விழாவுக்குச் சரியாக ஒரு மாதம் பாக்கி. பெத்தேல் என்ற ஊரில் பால்பண்ணை வைத்திருந்த மேக்ஸ் யாஸ்கர் தன் நிலத்தை வாடகைக்குக் கொடுத்ததால் விழா பிழைத்தது. (வுட்ஸ்டாக் ஊர் அங்கிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.)

புது இடத்தில் மேடை, வேலி இரண்டையும் கட்டி முடிக்க நாள் போதவில்லை. வேலி இல்லாவிட்டால் போட்ட பணம் போச்சு. மேடை இல்லாவிட்டால், ஏமாந்த கூட்டம் என்ன செய்யுமோ என்ற பயம். விழாவுக்கு மூன்று நாள் முன்புவரை அமைப்பாளர்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் புதன்கிழமையே பல்லாயிரம் பேர் வந்து புல்வெளியில் உட்கார்ந்துவிட்டார்கள். நிகழ்ச்சி தொடங்குவது வெள்ளிக்கிழமைதான்! உட்கார்ந்தவர்களை எழுப்பி வெளியே அனுப்பி, திரும்ப டிக்கெட் கேட்க முடியுமா? ஆக, மேடை எழுந்தது, வேலி முடியவே இல்லை. ஏதோ பெருந்தன்மையால் விழாவை இலவசமாக்கினார்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஆவல் தாங்காமல் இரண்டு நாள் முன்னாடியே வந்து சேர்ந்தவர்கள்தான் அதை இலவசமாக்கினார்கள். அமைப்பாளர்களுக்கு மிஞ்சியது பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன். 18 டாலர் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே சேறு.

நாலு லட்சம் பேருக்கு மேல் வந்ததாகக் கணக்கு. பெத்தேலுக்குப் போகும் 17பி சாலை அடைத்துக்கொண்டது. காரை அப்படியே போட்டுவிட்டு நடந்தவர்கள் உண்டு, பாதி வழியிலேயே திரும்பியவர்களும் உண்டு. பாடகர்கள் பலர் ஹெலிகாப்டரில்தான் வந்து இறங்க முடிந்தது. முதல் நாள் மேடையேறி இந்தக் கூட்டத்துக்கு ஆசியுரை சொன்னவர் யார் தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. அதே இரவு ரவிசங்கர் மழையில் சிதார் வாசித்தார்.

ஹென்ட்ரிக்ஸ் கடைசியாக, ஞாயிறு இரவு வாசிப்பதாக இருந்தது. மழையால் எல்லாம் தள்ளிப்போய், அவர் மேடைக்கு வரும்போது திங்கள் காலை ஆகிவிட்டது. வேலை நாள். எதிரே மிஞ்சியிருந்தது சில பத்தாயிரம் பேர். அவருக்காகவே டிக்கெட் வாங்கி வாரக்கணக்கில் காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் அந்நேரம் வீட்டுக்குப் போகும் வழியில் இருந்திருப்பார்கள், சட்டைப் பையில் முழு டிக்கெட்டோடு.