கௌரவப் பொறுப்பாளர்களும் சிற்றூர்க் காட்சியகங்களும்: நீலகிரியை முன்வைத்து

முன்னுரை

மேலைநாடுகளின் சிற்றூர்களில் உள்ள வானூர்திக் காட்சியகங்கள் பலவற்றை ஊதியம் பெறாத அறங்காவலர் குழுக்களே தாங்கி நிற்கின்றன. இங்கிலாந்தின் நியூவார்க் நகரையடுத்த விந்தார்ப் என்னும் பழைய போர்க்கால விமானத் தளத்தில் இயங்கும் நியூவார்க் வானூர்திக் காட்சியகம் இதற்குத் தக்க சான்று. தன்னார்வலர்கள் தொடங்கிய அந்நிறுவனம், 1983இல் வல்கன் வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் தன் திடலிலேயே தரையிறக்கிப் பெற்றுக்கொள்ளும் அளவிற்கு வளர்ந்தது. இந்தியாவில் நிலைமை வேறு. புதுதில்லி பாலம், கோவா, பெங்களூரு ஆகிய இடங்களில் உள்ள பெயர்பெற்ற வானூர்திக் காட்சியகங்கள் முறையே விமானப்படை, கடற்படை, பொதுத்துறை நிறுவனம் ஆகியவற்றின் உடைமைகள். தமிழகத்தில் 1910ஆம் ஆண்டிலேயே பல்லாவரத்தில் தாம் உருவாக்கிய வானூர்தியை டி'ஏஞ்சலிஸ் பறக்கவிட்டார் என்றாலும், அத்தொடக்கத்தை நினைவுகூரும் குடிமக்கள் குழு எதுவும் காட்சியகம் அமைக்கும் நிலைக்கு வரவில்லை. குரோம்பேட்டை தொழில்நுட்பக் கல்லூரியில் நிறுத்தப்பட்டிருந்த, பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட இரு வானூர்திகள் மாணவரான அப்துல் கலாமின் கவனத்தை ஈர்த்தன. அவையும் ஒரு கல்வி நிறுவனத்தின் பொருள்களே.

எனவே தன்னார்வக் குழு என்னும் அமைப்பு தமிழ் நிலத்தில் எவற்றைக் காத்தது, எங்கே தடுமாறியது என்பதை அறிய வானூர்தியை விட்டு வேறு பொருள்களை நாட வேண்டியுள்ளது. அதற்கு நீலகிரி ஏற்ற களம். குறிப்பாக, ஜெகதளாவும் அதனைச் சூழ்ந்த குன்னூர் வட்டாரமும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் படைத்துறை, தொழிற்சாலை, இரயில்வே ஆகிய மூன்றின் பொருள்களையும் நினைவுகளையும் சுமந்து வருகின்றன.

ஜெகதளா: ஓர் ஊர்ப்பெயரின் வரலாறு

படகர் ஊராகிய ஜெகதளாவின் பெயர் ஆங்கிலேயர் ஆவணங்களில் 'ஜக்கதல்லா' எனத் திரிந்து வழங்கியது. 1850களில் இங்கே எழுந்த படைவீரர் குடியிருப்புகள் ஜக்கதல்லா பாளையம் என்றே முதலில் அறியப்பட்டன. 1860இல் சென்னை ஆளுநர் டிரவெல்யன் காலத்தில் அப்பகுதிக்கு வெலிங்டன் என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஊரின் பெயர் பாளையத்திலிருந்து நீங்கிப் பழைய ஊருக்கே திரும்பியது எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1947க்குப் பின் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் சென்னைப் படைப்பிரிவின் மையமும் வெலிங்டனில் நிலைபெற்றன. அம்மையத்தின் காட்சியகம் படைப்பிரிவுக்கு உரியது. அங்கே பொருளைக் காப்பது ஆணை, அதற்கான செலவு அரசின் செலவு. குடிமக்கள் குழுவுக்கு அங்கு இடமில்லை, தேவையும் இல்லை.

வான்வழி வரலாறும் இவ்வட்டாரத்தைத் துயரமான முறையில் தொட்டுள்ளது. 2021 டிசம்பர் 8ஆம் நாள் சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கி வந்த விமானப்படை எலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். முதலில் உதவிக்கு ஓடியவர்கள் அவ்வூர் மக்கள். அந்நாளைப் பற்றிய படைத்துறை ஆவணம் முறைப்படி காக்கப்படும். ஊராரின் நினைவைத் தொகுத்து வைக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவின் இன்றைய வடிவம்.

கௌரவப் பணியின் காலனியத் தோற்றம்

இந்தியக் காட்சியகங்களின் தொடக்கமே தன்னார்வப் பணிதான். 1814இல் தாவரவியலாளர் வாலிச், கல்கத்தா ஆசியவியல் கழகத்திற்குத் தம் சேகரிப்பிலிருந்து பொருள்களை வழங்கவும் ஊதியமின்றிக் காப்பாளராக இருக்கவும் முன்வந்தார். அதுவே பின்னர் இந்திய அருங்காட்சியகம் ஆயிற்று. 1866இல் இயற்றப்பட்ட சட்டம் அதனை அறங்காவலர் குழுவின் பொறுப்பில் வைத்தது. சென்னையிலும் இலக்கியக் கழகத்தார் திரட்டிய நிலவியல் பொருள்களே 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்திற்கு முதலாக அமைந்தன. ஆர்வலர் தொடங்குவதும் அரசு ஏற்பதும் அன்றைய வழக்கமான பாதை.

நீலகிரியில் இப்பாதை மலையிலிருந்து கீழ்நோக்கியே சென்றது. படை அதிகாரி காங்கிரீவ் 1847இல் மலையின் கற்குவைகளைப் பற்றி எழுதினார். நீலகிரியின் முதல் ஆணையரான பிரீக்ஸ், கல்கத்தா அருங்காட்சியக அறங்காவலர்களின் வேண்டுகோளை ஒட்டித் தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோரின் புழங்கு பொருள்களைத் திரட்டினார், கற்குவைகளையும் அகழ்ந்தார். 1872இல் அவர் இறக்க, மனைவியின் முயற்சியால் அவரது நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அவர் அகழ்ந்தெடுத்த மட்கலங்களும் உலோகப் பொருள்களும் சென்னை சென்றன. புரூஸ் ஃபூட் 1901இல் வெளியிட்ட சென்னை அருங்காட்சியகப் பட்டியலில் அவற்றைக் காணலாம். உதகையில் பிரீக்ஸ் பெயரால் எஞ்சியது ஒரு பள்ளி.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ஊதியமில்லாப் பணி என்பது ஓய்வு நேரமும் உறுதியான வருவாயும் உடையவர்க்கே இயல்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மலையில் அவ்விரண்டும் அதிகாரிகளிடமும் தோட்ட உரிமையாளர்களிடமும் இருந்தன. பொருளைச் செய்த கோத்தக் கொல்லரும் குயவரும் பட்டியலில் இனப்பெயராக மட்டுமே இடம்பெற்றனர். எந்தக் குழுவின் மேசையைச் சுற்றியும் அவர்கள் அமரவில்லை. இதனை அக்காலத்தின் குறை என்று மட்டும் தள்ளிவிட முடியாது என்பது பின்னர் விளங்கும்.

நூலகமும் பங்களாவும்

மலையிலேயே நிலைத்த பழைய நிறுவனங்களுள் ஒன்று உதகையின் நீலகிரி நூலகம். 1859இல் தொடங்கிய இதற்குக் கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்த செந்நிறக் கட்டடம் வாய்த்தது. அரசு நூலகமாக மாறாமல், உறுப்பினர் கட்டணத்திலும் உறுப்பினர் குழுவின் மேற்பார்வையிலும் அது இன்றளவும் இயங்குகிறது. நாடு விடுதலையடைந்து பழைய உறுப்பினர்கள் கப்பலேறியபோதும் நூலகம் மூடப்படவில்லை. புதியவர்கள் அவ்விடங்களில் அமர்ந்தனர். குழுவின் முகம் மாறலாம், விதிமுறை தொடர்ந்தால் நிறுவனம் தொடரும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு மலையில் இல்லை.

கோத்தகிரியையடுத்த கன்னேரிமுக்கில் உள்ள சல்லிவன் நினைவகத்தின் கதை வேறு. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியபின் அமைத்த முதல் பங்களா அது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அக்கட்டடம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகத்தால் புதுப்பிக்கப்பட்டது. அங்கே நீலகிரி ஆவண மையம் படங்களையும் ஆவணங்களையும் காட்சிப்படுத்தி வருகிறது. சுவரைச் சீரமைத்தது அரசு நிதி. உள்ளே பொருள் சேர்த்தது ஆர்வலர் உழைப்பு. இத்தகைய இணைப்பில் பங்கு பிரிப்பது எளிதன்று. கூரை ஒழுகினால் யாரிடம் முறையிடுவது என்னும் எளிய கேள்வியிலேயே அதன் சிக்கல் தொடங்குகிறது.

இயந்திரத்தைக் காத்தல்

வானூர்திக் காட்சியகத்திற்கு நெருங்கிய நீலகிரி இணை மலை இரயிலே. மேட்டுப்பாளையம்-குன்னூர்ப் பாதை 1899இலும், அருவங்காட்டின் வழியே உதகை வரையிலான நீட்டிப்பு 1908இலும் திறக்கப்பட்டன. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே 12.5 அடிக்கு ஓரடி ஏறும் சரிவில், பற்சட்டத்தைப் பற்றியே வண்டி மேலேறுகிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்ட 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சினில் நான்கு உருளைகள் உண்டு. இரண்டு உருளைகள் வழக்கமான சக்கரங்களை இயக்க, அவற்றிலிருந்து வெளியேறும் நீராவியே மற்ற இரண்டிற்குப் பாய்ந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இப்பாதையை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. குன்னூர் வட்டாரத்தில் 'ஹெரிடேஜ் ஸ்டீம் சாரியட் டிரஸ்ட்' என்னும் அறக்கட்டளை, நீராவி எஞ்சின்களைக் காக்கவேண்டும் என்று குரல் கொடுத்து வந்துள்ளது. மேட்டுப்பாளையம் நிலையத்தில் இரயில்வேயின் காட்சியகமும் உண்டு.

இவ்வறக்கட்டளை போன்ற அமைப்பின் எல்லையை எஞ்சினே வரையறுத்துவிடுகிறது. கொதிகலனைச் சோதிக்கவும் பற்சக்கரத்தைக் கடையவும் குன்னூர்ப் பணிமனையின் தேர்ந்த கைகள் வேண்டும். பெரும்பழுதும் புதிய எஞ்சினும் பொன்மலைப் பணிமனையின் பாடு. 2011க்குப் பின் எண்ணெயால் இயங்கும் புதிய நீராவி எஞ்சின்கள் அங்கே உருவாயின. குடிமக்கள் குழுவால் மனு எழுதவும் படம் சேர்க்கவும் ஓய்வுபெற்ற ஊழியரின் சொற்களைப் பதிவுசெய்யவும் இயலும். இவற்றுள் கடைசிப் பணியே மிகவும் பின்தங்கியுள்ளது. எஞ்சினின் அளவுகள் வரைபடத்தில் உள்ளன. மழைநாளில் வழுக்கும் தண்டவாளத்தில் அதனை எப்படிக் கையாளுவது என்னும் அறிவு ஓட்டுநரிடமும் தீயிடுவோரிடமும் மட்டுமே உள்ளது. நியூவார்க் போன்ற இடங்களில் முன்னாள் இயந்திரப் பணியாளர்கள் தன்னார்வலராகவே திரும்பி வருகின்றனர். நீலகிரியில் கோத்தக் கொல்லருக்கு நேர்ந்த விலக்கம், சற்றே மென்மையான வடிவில், பணிமனைத் தொழிலாளருக்கும் நேரும் வாய்ப்பு உண்டு. பொருளை அறிந்தவர் வெளியேயும் பொருளை மதிப்பவர் உள்ளேயும் இருப்பது காட்சியகக் குழுக்களின் பழைய நோய்.

சட்டம் வகுத்த குழு

இத்தகைய அமைப்புகளுக்கு இந்தியச் சட்டம் முன்னரே இடமளித்துள்ளது. 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பதிவுக்குரிய சங்கங்களின் வரிசையில் நூலகங்களையும் பொதுக் காட்சியகங்களையும் மட்டுமன்றி, இயந்திரக் கண்டுபிடிப்புகள், கருவிகள் ஆகியவற்றின் சேகரிப்புகளையும் சேர்த்துள்ளது. வானூர்தி தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அச்சொற்றொடர் ஒரு வானூர்திக் காட்சியகத்துக்கும் தடையின்றிப் பொருந்தும். ஏழு பேர் கூடினால் சங்கம் அமைக்கலாம். சங்கம் கலைந்தால் எஞ்சிய உடைமையை உறுப்பினர் பங்கிட்டுக்கொள்ளலாகாது, வேறொரு சங்கத்திற்கே அளிக்கவேண்டும் என்பது 14ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இதன் இடத்தைப் பெற்றது.

உடைமை பற்றிய விதியே சிற்றூர்க் காட்சியகத்தின் உயிர்நாடி. கட்டடத்தை அரசு திரும்பப் பெறலாம். பொருளின் நிலை வேறு. ஒருவர் தம் பாட்டனின் படத்தையோ தொழிற்சாலை அடையாள வில்லையையோ குழுவிடம் தரும்போது, அது கொடையா, கடனா, யார் பெயரில் பதிவாயிற்று என்பதைக் காட்டும் ஒரு தாள் இல்லையேல், குழு கலையும் நாளில் அப்பொருள் செயலாளரின் வீட்டுப் பரணில் ஒதுங்கும். இரண்டாம் தலைமுறையில் அது பழைய இரும்பாகிவிடும். அறக்கட்டளை வடிவைத் தேர்ந்தோர்க்குத் தேர்தல் தொல்லை குறைவு. ஆனால் நிறுவியவரின் உறவினரே அடுத்த அறங்காவலராகும் போக்கும் அங்கே மிகுதி. சங்க வடிவில் பூசல் மிகும், ஆனால் கணக்கு வெளியே வரும். இரண்டில் நீலகிரி நூலகத்தின் நீண்ட ஆயுள் உறுப்பினர் முறைக்கே சாதகமாகப் பேசுகிறது.

ஆய்வாளருக்கு இதில் ஒரு மூலமும் கிடைக்கிறது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நிர்வாகக் குழுவினரின் பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றை ஆண்டுதோறும் பதிவாளரிடம் அளிக்கப் பணித்தது. ஒரு மலையூரின் கௌரவப் பதவிகளில் யார் எப்போது அமர்ந்தனர், தோட்ட உரிமையாளர் இடத்தில் ஆசிரியரும் வழக்கறிஞரும் எப்போது வந்தனர், தேயிலைத் தொழிலாளர் பெயர் ஒன்றேனும் இடம்பெற்றதா என்பவற்றைத் தொழில் என்னும் அந்தக் கட்டத்தைக் கொண்டே ஆண்டுவாரியாக வரிசைப்படுத்த முடியும். குழுக்களின் கூட்டக் குறிப்பேடுகளோடு அப்பட்டியல்களை ஒப்பிட்டால், பெயரளவில் இருந்தவர் யார், உண்மையில் சாவியை வைத்திருந்தவர் யார் என்பதும் தெரியவரும்.