வன்னி ஓடும் மாதங்கள்: எரிவாயுச் சேமிப்பும் கருத்துக் கேட்பின் எல்லையும்

சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நடைப்பயிற்சிக் கூட்டத்தைக் கடந்து வடக்கே போனால் ஊரூர்க் குப்பம் வரும். விடியலில் ஃபைபர் படகுகள் கரையேறும் நேரத்தில் அங்கே மீனைப் பற்றிய பேச்சுக்கு முன்பே தண்ணீரைப் பற்றிய பேச்சு வந்துவிடும்: தெண்டியா, வன்னியா? தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. வலையை எந்தப் பக்கம் இறக்குவது, அறுந்துபோன வலையை எங்கே தேடுவது என்பதையெல்லாம் இந்த ஒரு சொல் முடிவு செய்துவிடும். ஒருநாள், வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் வன்னி எப்போது பிடிக்கும் என்று கேட்டேன். கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டுவிட்டு ஈர மணலில் விரலால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டின் வடமுனையில் ஒரு சிப்பியை வைத்தார். "வாடைக் காத்து விழுந்துட்டா, அங்க போட்டது இங்க வரும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை அரசின் கோப்பு என்னவென்று எழுதிக்கொள்ளும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பலான பி.டபிள்யூ. மேப்பிள்; மற்றொன்று எண்ணெய்க் கப்பலான டான் காஞ்சிபுரம். கசிவு எதுவும் இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. அடுத்த சில நாள்களில் எண்ணூர் பாரதியார் நகர்க் கரையில் மனிதர்கள் வாளி வாளியாகக் கரும்பிசினை அள்ளிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப் படலம் மெரினாவைக் கடந்து பெசன்ட் நகருக்கும் திருவான்மியூருக்கும் இறங்கி வந்தது. மோதல் நடந்த இடத்துக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மாதமோ ஜனவரி, வன்னி ஓடும் காலம். பெரியவர் சிப்பியை வைத்துக் காட்டியதும் இதைத்தான்.

அதே துறைமுகத்தில் 2019 மார்ச் 6 அன்று, இந்தியாவின் கிழக்குக் கரையில் முதலாவதான திரவ இயற்கை எரிவாயு முனையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது. ஒவ்வொன்றும் 1,80,000 கன மீட்டர் கொள்ளும் இரண்டு சேமிப்புத் தொட்டிகள் அங்கே உள்ளன. மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, கனஅளவை ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருக்கி எரிவாயுவைத் திரவமாக வைத்திருப்பதே இச்சேமிப்பின் அடிப்படை. மீத்தேன் காற்றைவிட லேசானது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் கடுங்குளிர்த் திரவம் சிந்தி ஆவியாகும்போது அந்த ஆவி முதலில் காற்றைவிடக் கனமாக, தரையையும் நீர்ப்பரப்பையும் ஒட்டியே தவழும். சூடேறிய பிறகே மேலெழும். காற்றில் அதன் பங்கு 5 முதல் 15 சதவீதம் இருக்கும்போது தீப்பிடிக்கும். எனவே இத்தகைய இடத்தின் ஆபத்தைக் கணிப்பவர் அறிந்தே தீரவேண்டியது காற்று எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, கரைக்காற்று எப்போது கடற்காற்றாகத் திரும்புகிறது என்பதுதான். எண்ணூர் முனையத்தின் கோப்பைத் தனித்து ஆராய்வது என் நோக்கமன்று. இத்தகைய சேமிப்பகம் எங்கே முன்மொழியப்பட்டாலும், அதன் சுற்றுச்சூழல் ஆய்வில் மக்கள் சொல்வது எந்தத் தகுதியில் ஏற்கப்படுகிறது என்பதையே கேட்கிறேன். கேட்பதற்கு எண்ணூரைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

சட்டத்தின் பக்கம் வருவோம். இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை முதன்முதலில் 1994-இல் வந்தது. மக்கள் கருத்துக் கேட்பு அதில் கட்டாயமானது 1997 ஏப்ரல் திருத்தத்தால். இன்று நடைமுறையில் உள்ளது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. அதன் அட்டவணையில் திரவ எரிவாயு முனையங்கள் ஒன்றிய அரசே முடிவெடுக்கும் 'அ' வகையில் உள்ளன. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்த வேண்டும்; மாவட்ட ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் தகுதிக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும்; குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; முழுக் கூட்டமும் வீடியோவில் பதிவாக வேண்டும்; நடவடிக்கைகளின் சுருக்கம் அங்கேயே உள்ளூர் மொழியில் படித்துக்காட்டப்பட வேண்டும். படிக்கும்போது நல்ல சட்டமாகவே தெரிகிறது. குறைந்தபட்ச வருகை என்று எதுவும் தேவையில்லை என்ற வரியும் அதில்தான் இருக்கிறது.

அறிவிக்கை மக்களை இரண்டாகப் பிரிக்கிறது. பாதிக்கப்படும் உள்ளூர்வாசிகள் கூட்டத்துக்கு வந்து பேசலாம். திட்டத்தின் சூழல் விளைவுகளில் அக்கறை கொள்ள நியாயமுள்ள மற்றவர்கள் எழுத்தில் அனுப்பலாம். நடைமுறையில் இப்பிரிவு மொழிப் பிரிவாகவும் வர்க்கப் பிரிவாகவும் ஆகிவிடுகிறது. பெசன்ட் நகர் அடுக்குமாடிகளில் இருக்கும் நாங்கள் ஆங்கிலத்தில், இணைப்புகளோடு, அடிக்குறிப்புகளோடு மனு எழுதுவோம். எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவர் பந்தலில் வரிசையில் நின்று ஒலிபெருக்கியில் சில நிமிடம் தமிழில் பேசுவார். எங்கள் மனு ஆவணம் ஆகும். அவர் பேச்சு குறிப்பேட்டில் "வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்று கருத்துத் தெரிவித்தார்" என்று ஒற்றை வரியாகச் சுருங்கும். இருவரில் கடலை அறிந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே 'கருத்து' என்ற சொல்லின் மேல் சற்று நிற்க வேண்டும். ஆங்கிலச் சட்டத்தில் 'ஹியரிங்' என்று இருப்பதையே நாம் நீதிமன்றத்தில் 'விசாரணை' என்கிறோம். திட்டங்களின் வாசலில் அதையே 'கருத்துக் கேட்பு' என்கிறோம். இரு தமிழ்ச் சொற்களுக்கும் உள்ள தூரம் சிறிதன்று. விசாரணையில் ஒருவர் சொல்வது வாக்குமூலம். அதைச் சோதிக்கலாம், மறுக்கலாம், ஏற்கலாம். எதைச் செய்தாலும் காரணம் எழுதியாக வேண்டும். கருத்து அப்படியன்று. ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். கேட்டுக்கொண்டாலே மரியாதை செய்துவிட்டதாக ஆகிவிடும். "ஜனவரியில் இங்கிருந்து கசிவது பெசன்ட் நகர் போகும்" என்பது கருத்தா? அது உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய, அளந்து பார்க்கக்கூடிய கூற்று. அதைக் கருத்து என்று பெயரிட்ட மாத்திரத்தில் அளந்து பார்க்கும் கடமையிலிருந்து அதிகாரி விடுபட்டுவிடுகிறார். கருத்துக் கேட்பின் முதன்மையான பழுது இதுவே என்பது என் வாதம். கூட்டம் நடக்கும் இடம், நேரம், காவல்துறைக் கெடுபிடி பற்றிய புகார்கள் நியாயமானவை; அவை யாவும் சீரானாலும் இப்பழுது அப்படியே இருக்கும்.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதைத் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் தயாராகும் முறையிலிருந்து காணலாம். வழக்கமாகத் திட்டத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆரமே ஆய்வு எல்லை. அடிப்படைத் தரவைப் பருவமழை நீங்கலாக ஒரு பருவத்தில் திரட்டினால் போதும் என்பதும் வழக்கம். காற்றின் வேகம், நீரோட்டம், நீரின் தன்மை யாவும் அந்த மூன்று மாதத்து அளவீட்டிலிருந்தே வரும். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் கரையில் இது எதை விட்டுவிடுகிறது? வாடைக் காற்றையும் வன்னியையும் ஆற்று வெள்ளத்தையும் ஒருசேர விட்டுவிடுகிறது.

எண்ணூரின் அண்மைய இரு பேரிடர்களின் தேதியைப் பாருங்கள். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் வந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாய் கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி இருட்டில் தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டும் டிசம்பர். 2017 கப்பல் மோதல் ஜனவரி. ஆய்வு எந்தப் பருவத்தை விட்டுவிடுகிறதோ, அப்பருவத்தில்தான் இக்கரையில் கேடு வந்திருக்கிறது. மூன்று நிகழ்வை வைத்து விதி செய்துவிட முடியாது என்பதை அறிவேன். ஆனால் அளவீடு இல்லாத மாதங்களைப் பற்றிய அறிவு வேறு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, குப்பங்களில் இருக்கிறது என்பதைத் தவிர இப்போதைக்கு விடையில்லை. ஆய்வு அறிக்கை காலத்தை ஒரு பருவமாகவும் தூரத்தை 10 கிலோமீட்டராகவும் வெட்டுகிறது. மீனவர் சொல் அவ்விரண்டையும் திரும்பச் சேர்க்கிறது. கூட்டத்தின் குறிப்பேடு அதைக் கருத்து என்று எழுதி மறுபடியும் வெட்டிவிடுகிறது.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் நடந்த ஆல்டன் வழக்கு இங்கே உதவும். நிலத்தடி உப்புப் படுகையைக் கரைத்துக் குகைகளாக்கி அதில் இயற்கை எரிவாயுவைச் சேமிப்பது திட்டம். கரைத்த உப்புநீரைக் கடல் ஏற்றம் பாயும் ஷுபனாகடி ஆற்றில் விடப்போவதாகச் சொன்னார்கள். அந்த ஆறு வரிக்கொடுவா மீன் முட்டையிடும் இடம். மிக்மா பழங்குடியினர் தலைமுறைகளாக அங்கே மீன்பிடித்து வருபவர்கள். அவர்களில் சிப்பெக்னேகாட்டிக் மக்கள் நீதிமன்றம் போனார்கள். கலந்தாலோசனை போதிய அளவு நடக்கவில்லை என்று 2020 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அமைச்சரின் முடிவை ரத்து செய்து, பேச்சைத் தொடரச் சொன்னது. 2021 அக்டோபரில் நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது. அங்கே பழங்குடியினரோடு ஆலோசிப்பது அரசமைப்பு தரும் கடமை. மீனவர்களுக்கு இங்கே அப்படி ஒன்று இல்லை. வேறுபாடு பெரிதுதான். ஆனாலும் "கேட்டோம்" என்பதும் "கேட்டதற்கு விடை சொன்னோம்" என்பதும் ஒன்றல்ல என்று ஒரு நீதிமன்றம் எரிவாயுச் சேமிப்பு விஷயத்திலேயே சொல்லியிருக்கிறது.

நம் நீதிமன்றங்களும் இதைச் சொல்லாமல் இல்லை. கோவா சுரங்கம் பற்றிய உத்கர்ஷ் மண்டல் வழக்கில் 2009 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை வல்லுநர் மதிப்பீட்டுக் குழு பரிசீலித்து, காரணத்தோடு முடிவைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்து, குழு மறுபடியும் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, காரணம் எழுதும் கடமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கீழே, பந்தலில், கூற்று கருத்தாகச் சுருங்கிவிட்டால், மேலே டெல்லியில் குழு எதற்குக் காரணம் எழுதும்? "வாழ்வாதாரம் குறித்த கவலை" என்ற வரிக்குத் திட்ட நிறுவனம் "சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவி செய்யப்படும்" என்று பதில் எழுதினால் கணக்கு முடிந்துவிடுகிறது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பதில் வரவேயில்லை என்பது கோப்பில் தெரியாது.

காலம் போகும் திசையோ வேறாக இருக்கிறது. 2020 ஜனவரித் திருத்தம் எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்களைக் கருத்துக் கேட்பே தேவைப்படாத வகைக்கு மாற்றியது. காவிரிப் படுகையின் கொந்தளிப்புக்குப் பின் அடுத்த மாதமே தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டின் வரைவு அறிவிக்கை 30 நாள் அவகாசத்தை 20 ஆக்க முனைந்தது. அந்த வரைவையே அரசமைப்பின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மீனவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா? நினைவு பிசகாதா? கூட்டத்துக்கு இரு தரப்பும் ஆள் சேர்த்துக்கொண்டு வருவதில்லையா? வருகிறார்கள், நினைவும் பிசகும். அதனால்தான் சான்று என்கிறேன். சான்று என்றால் சோதனைக்கு உட்பட்டது என்று பொருள். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' முறை இன்றும் வழக்கில் உள்ளது: எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. எங்கே இறால் வரும், எங்கே தண்ணீர் எப்படி இழுக்கும் என்ற அறிவு இல்லாமல் இந்த முறையை வகுத்திருக்க முடியாது. ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருப்பவர்கள் தங்களுக்குள் சரிபார்த்து ஒப்புக்கொண்ட அறிவு அது. மூன்று மாதம் தங்கி அளந்துவிட்டுப் போகும் ஆலோசனை நிறுவனத்தின் எண்ணுக்கு அருகில் அதை வைத்துப் பார்க்கத் தயங்குவதற்கு அறிவியல் சார்ந்த காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நிலக்கரியைவிட எரிவாயு மேல் என்பதும், எரிக்கும்போது ஏறத்தாழப் பாதி கரிமிலவாயுவே வரும் என்பதும் உண்மை. ஆனால் கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடிச் சேமிப்பில் 2015 அக்டோபர் முதல் 2016 பிப்ரவரி வரை நீடித்த கசிவில் ஏறத்தாழ ஒரு லட்சம் டன் மீத்தேன் வெளியேறியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போயின. எரிபொருள் நல்லதா என்பதும் அதைச் சேமிக்கும் இடம் சரியா என்பதும் தனித்தனிக் கேள்விகள். கருத்துக் கேட்பு விடைகாண வேண்டியது இரண்டாவதற்கு.

மாற்ற வேண்டியது பெரிதல்ல. கூட்டத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு சோதிக்கத்தக்க கூற்றுக்கும் எண் கொடுத்து, பேசியவரின் சொல்லிலேயே, தெண்டி வன்னி என்ற சொற்களை மாற்றாமல் எழுத வேண்டும். பேசியவரிடம் படித்துக்காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அளக்கக்கூடியதை அளந்துவிட்டே அறிக்கையை இறுதி செய்ய வேண்டும். கடலோர எரிவாயுச் சேமிப்பகம் என்றால் அக்டோபர் முதல் ஜனவரி வரையான காற்றும் நீரோட்டமும் இல்லாத அறிக்கையை ஏற்கவே கூடாது. வல்லுநர் குழுவின் குறிப்பில் அந்தந்த எண்ணுக்கு எதிரே ஏற்றோம், மறுத்தோம், ஏன் என்பது தமிழிலும் இருக்க வேண்டும். 'உள்ளூர்வாசி' யார் என்பதையும் 10 கிலோமீட்டர் வட்டத்தால் முடிவு செய்யாமல் நீரோட்டத்தால் முடிவு செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் எண்ணூரில் அடுத்த தொட்டிக்குப் பந்தல் போடும்போது அழைப்பு ஊரூர்க் குப்பத்துக்கும் வரவேண்டியிருக்கும். மணலில் சிப்பி வைத்துக் காட்டியவர், ஒலிபெருக்கி முன் நின்று, 2017 ஜனவரியை முதல் சான்றாக எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.