சேவல் கொண்டையும் செம்பனைக் கொட்டையும்



தம்போயைச் சுற்றி இன்று வீடுகளும் தொழிற்கூடங்களும் பெருகிவிட்டன. ஆனால் குளுவாங் பக்கம் போனால் செம்பனை வரிசை வரிசையாய் நிற்கிறது. அந்த மரத்துக்கும், நம் லயத்து வீடுகளில் வளர்ந்த கோழிக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பேட்சன், பன்னட் என்ற இருவர் கோழிகளை இணை சேர்த்துப் பார்த்தனர். ஒன்று ரோஜாக் கொண்டை, மற்றொன்று பட்டாணிக் கொண்டை. பிறந்த குஞ்சுகளுக்கோ இரண்டுமில்லாத புதுக் கொண்டை; அதற்கு வால்நட் கொண்டை என்று பெயர். அவற்றைத் தமக்குள் இணை சேர்த்தபோது வால்நட் 9, ரோஜா 3, பட்டாணி 3, ஒற்றைக் கொண்டை 1 என்ற விகிதம் வந்தது. இரண்டு மரபணுக்கள் கூடி வேலை செய்து ஒரே கொண்டையை அமைக்கின்றன என்பது இதனால் விளங்கிற்று.

ஆனால் குஞ்சுகள் கணக்குப் பார்த்தா பொரிக்கின்றன? 160 குஞ்சுகள் என்றால் 90, 30, 30, 10 வர வேண்டும். நம் கூட்டில் 84, 35, 28, 13 வந்ததாக வைத்துக்கொள்வோம். இது தற்செயலா, விகிதமே தவறா?

இதற்கு விடை காணும் வழியை 1900-இல் கார்ல் பியர்சன் வகுத்தார். அதுவே கை-வர்க்கச் சோதனை. ஒவ்வொரு வகையிலும் உள்ள வேறுபாட்டை அதே எண்ணால் பெருக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நம் கணக்கில் 2.27 வருகிறது. நான்கு வகைகளுக்கு எல்லை 7.82. அதற்குள் இருப்பதால் தற்செயல் என்று கொள்ளலாம். நான்கும் சமம் என்று ஒருவர் சொன்னால், அதே குஞ்சுகளுக்கு விடை 70-ஐத் தாண்டும். அந்தக் கூற்று நிற்காது. எல்லைக்குள் வருவதால் விகிதம் உண்மையென்று முடிவாகிவிடாது. தள்ளக் காரணமில்லை என்பது மட்டுமே பொருள்.

இனிச் செம்பனைக்கு வருவோம். தடித்த ஓடுள்ளது டூரா, ஓடில்லாதது பிசிஃபெரா, மெல்லிய ஓடுள்ளது டெனெரா. டெனெராவில்தான் எண்ணெய் மிகுதி. அதன் விதையையே நட்டால் என்ன? 1941-இல் பெல்ஜிய காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டர்வேயன் இருவரும் கணக்கை வெளியிட்டனர். டெனெராவை டெனெராவோடு சேர்த்தால் டூரா 1, டெனெரா 2, பிசிஃபெரா 1. இங்கே ஒரே மரபணுதான் வேலை செய்கிறது. பிசிஃபெரா பெரும்பாலும் குலை தராது. நூறு கன்றில் ஏறக்குறைய 25 வீண்! டூராவோடு பிசிஃபெராவைச் சேர்த்தாலோ எல்லாமே டெனெரா.

கன்று காய்க்கும்வரை வகை தெரியாது. வெட்டிய காடும், போட்ட உரமும், சிந்திய வியர்வையும் அதற்குள் செலவாகியிருக்கும். 2013-இல் மலேசிய செம்பனை வாரிய அறிவியலாளர்கள் அந்த ஓட்டு மரபணுவையே கண்டறிந்தனர். நாற்றங்காலிலேயே இலையைச் சோதித்து வகை அறிய அது வழி திறந்தது.

குலை எண்ணுகிற கைக்கு எண்ணிக்கை புதிதல்ல. எண்ணியதை எதிர்பார்த்ததோடு ஒப்பிடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.