திருவொற்றியூர் புல்லட்

கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டுக் கொட்டகையில் கண்ணில் பட்டது அந்தப் பழைய புல்லட். தாத்தா ஓட்டியதாம். முதல் தடவையாக ஸ்பானர் பிடித்திருந்த பேரன், "பார்ட்ஸ் கிடைக்குமா சார்?" என்றார் கவலையோடு.

கிடைக்கும். அதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு!

ஐம்பதுகளில் எல்லையில் ரோந்து போக நம் ராணுவத்துக்கு முரட்டு வண்டி தேவைப்பட்டது. தேர்வானது, இங்கிலாந்தின் 350 சி.சி. புல்லட். 1955-ல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி, மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு எல்லாமே இங்கேயே தயார். 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. தாய் போய்விட்டாள், பிள்ளை பிழைத்துக்கொண்டது! 1977-ல் அதே இங்கிலாந்துக்கு சென்னையிலிருந்து புல்லட் ஏற்றுமதி! (ராஜேந்திர சோழன் ரசித்திருப்பான்.) பல வருடங்கள் எஞ்சினை அதிகம் மாற்றாமலே தயாரித்ததால், பழைய வண்டிக்குப் பிந்தைய பாகங்கள் பலவும் பொருந்தும்.

உங்கள் வீட்டிலும் ஒன்று தூங்குகிறதா? கழற்றுமுன் ஒயர்களை போட்டோ எடுங்கள். எஞ்சின், சேஸிஸ் நம்பர்களை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழசு என்று எதையும் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். இந்த ஊர்க் கோயிலின் மதில் கற்களை 1836-ல் கொள்ளிடத்துக் கீழணை கட்டப் பெயர்த்துப் போனார்கள். போனது போனதுதான்.

எல்லாம் பூட்டியாச்சா? மெதுவாக மிதியுங்கள். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் மிதித்து, லீவரை விடுங்கள். இப்போது உதையுங்கள், ஒரே உதை!