சார்ஜ் நிக்குமா? – திண்டுக்கல்லும் நடுத்தர செல்போன்களும்

ஒரு கம்பெனி புது செல்போன் விட்டால் விளம்பரத்தில் முதலில் கேமராவைப் போடும். அடுத்து ஸ்கிரீன், அதற்கடுத்து மெமரி. பேட்டரி பற்றிய வரி கடைசியில் பொடி எழுத்தில் கிடக்கும். திண்டுக்கல் பக்கத்து ஆள் அந்த விளம்பரத்தைக் கீழேயிருந்து மேலேதான் படிப்பார். "சார்ஜ் நிக்குமா?" முதல் கேள்வி. "கீழ விழுந்தா தாங்குமா?" இரண்டாவது. "ரிப்பேர்னா இங்கயே சாமான் கிடைக்குமா?" மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால்தான் கேமராவுக்கு மரியாதை.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இருபது வருட செல்போன் சரித்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். பின்லாந்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து யோசித்தவர்களைவிட இந்த மூன்று கேள்விகள் பல தடவை சரியாக இருந்திருக்கின்றன. சறுக்கிய இடமும் உண்டு, அது கடைசியில்.

கேள்விகளுக்குக் காரணம் இருக்கிறது. வேடசந்தூர் பக்கம் நூற்பாலை, மூன்று ஷிப்ட். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட். நிலக்கோட்டையில் விடியும் முன்பே பூப் பறிக்க இறங்க வேண்டும். சின்னாளபட்டியில் தறி. ஊருக்குள் பூட்டுப் பட்டறையும் தோல் ஷாப்பும். 2000-களில் இந்தக் கைகளுக்கு ஐயாயிரம் ரூபாய் செட் என்பது ஒரு மாதச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுப்பது. தப்பான செட்டை வாங்கினால் இரண்டு வருடம் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும். மாடலை அக்கக்காக அலசி எழுத அன்றைக்கு யாரும் இல்லை. டீக்கடையில் அடிக்கும் கிண்டல்தான் விமர்சனம். யாருடைய செட் கிண்டலில் மாட்டவில்லையோ அதை வாங்கலாம்!

பூட்டு ஊருக்குப் பூட்டுப் போன்

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, டில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். கூப்பிட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. மொய் வைத்தவரிடமே சாப்பாட்டுக்கும் பில் நீட்டுவது போல! தமிழ்நாடும் சென்னையும் தனித்தனி வட்டங்களாக இருந்தன. ஏர்செல் 1999-லும் பி.எஸ்.என்.எல். செல்லொன் 2002-லும் வந்த பிறகுதான் எஸ்.டி.டி. பூத்தின் மஞ்சள் போர்டுக்கு லேசாக வியர்த்தது. 2003 மே மாதத்தில் இன்கமிங் இலவசம் ஆனது.

அதே 2003 ஜூலையில் ரிலையன்ஸ் ஒரு குண்டு போட்டது. 501 ரூபாய் கட்டினால் கையில் செட். மீதியை மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம். அது சி.டி.எம்.ஏ. ரகம், சிம் கார்டே கிடையாது. நம்பர் செட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் செட்டையும் தலைமுழுக வேண்டியதுதான். பூட்டுக்குப் பேர் போன ஊருக்கே பூட்டுப் போட்டு போன் விற்ற தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பூட்டு என்றதும் இன்னொன்று. நோக்கியா செட்டுகளில் கீபேட் லாக் இருந்தது. மெனு பட்டனை அமுக்கி ஸ்டாரை அமுக்கினால் திறந்துகொள்ளும். உலகம் முழுக்க அத்தனை செட்டுக்கும் ஒரே சாவி! ஒவ்வொரு பூட்டுக்கும் லீவரை ராவி ராவித் தனிச் சாவி போடுகிற ஊர் இது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு எங்கே, இந்த ஸ்டார் பூட்டு எங்கே!

டார்ச் லைட்டுக்குள் ஒரு போன்

2003-ல் வந்த நோக்கியா 1100-ஐ விலைப்பட்டியலில் கீழ் வரிசையில் வைத்தார்கள். கேமரா இல்லை, கலர் இல்லை, பாட்டு இல்லை. இருந்தது மூன்று: உச்சியில் ஒரு டார்ச், தூசி புகாத ரப்பர் கீபேட், வியர்த்த கையில் வழுக்காத பிடி. பூப் பறிக்கவும், நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பவும், ராத்திரி மோட்டார் போடக் கிணற்றடிக்குப் போகவும் இது போதாதா? "டார்ச் லைட் வாங்கினோம், கூடவே போனும் இருந்துச்சு" என்ற கிண்டல் இந்த செட்டுக்கு அச்சாகப் பொருந்தும். உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்றது.

அதே வருடம் வந்த 6600-ல் கேமரா உண்டு, சிம்பியன் உண்டு, புளூடூத் உண்டு. விலை அப்போது ஒரு பழைய பைக் வாங்கும் அளவுக்கு. அதைச் சட்டைப் பையில் போட்டால் சட்டையே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கல்யாண வீட்டில் அதை மேசைமேல் வைப்பதற்கென்றே சிலர் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

நூறு பாட்டுக்கு மேல் பாடாது

2005-க்குப் பிறகு நடுத்தர செட்டுகளுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. சோனி எரிக்சன் வாக்மேன் போன் விட்டது. பாட்டு அருமை. ஆனால் மெமரி கார்டும் அதன் தனி ஜாதி, ஹெட்போன் பின்னும் தனி ஜாதி. ஒயர் அறுந்தால் பத்து ரூபாய் ஹெட்போனை மாட்ட வழியில்லை. திண்டுக்கல்லின் மூன்றாவது கேள்வியில் அங்கேயே பெயில்.

மோட்டரோலா அதைவிட ஒரு படி மேல். 2005 செப்டம்பரில் ஆப்பிளோடு கூட்டுச் சேர்ந்து ராக்கர் ஈ1 என்ற செட்டை விட்டது. மெமரி கார்டில் இடம் மிச்சம் இருந்தாலும் 100 பாட்டுக்கு மேல் ஏற்றிக்கொள்ளாது! செல் கடைக்காரர் பத்து ரூபாய்க்கு ஒரு கார்டு முழுக்க இளையராஜாவையும் ரகுமானையும் கொட்டித் தருகிற ஊரில், நூற்றியோராவது பாட்டை வேண்டாம் என்று சொல்கிற செட் எப்படிப் பிழைக்கும்? பந்தியில் உட்கார வைத்து, மூன்றாவது கரண்டி பிரியாணிக்கு இலையை மூடச் சொன்ன கதைதான்.

பேட்டரிக்கு வந்த சோதனை

2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் அறிவிப்பு விட்டது. மட்சுஷிடா கம்பெனி 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகளில் சில, சார்ஜ் போடும்போது சூடாகலாம், மாற்றித் தருகிறோம் என்றது. எண்ணிக்கை 4 கோடியே 60 லட்சம். 1100-லிருந்து 6600 வரை அதே பேட்டரிதான். பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரி முதுகில் இருந்த 26 இலக்க நம்பரை ஒத்துப் பார்க்க வேண்டும். படித்தவர்களே இரண்டு தடவை தப்பாகப் படித்த நம்பர் அது. நாடு முழுக்க செட் வெடிக்கும் என்ற புரளி பறந்தது. புரளி அடங்கியும் பிஎல்-5சி சாகவில்லை. அதே அளவில் செய்த பேட்டரி சைனா செட்டிலும் எஃப்.எம். ரேடியோவிலும் புகுந்து இன்றும் பெட்டிக்கடைகளில் தொங்குகிறது.

கொரியன் செட் வைபவம்

அடுத்து வந்தது "கொரியன் செட்". பேர்தான் கொரியா, பிறந்தது சைனாவின் ஷென்சென் பக்கம். தைவானின் மீடியாடெக் கம்பெனி சிப்பையும் சாஃப்ட்வேரையும் சேர்த்தே கொடுத்ததால், சின்னப் பட்டறைகூட செல்போன் செய்ய முடிந்தது. பட்டறைத் தொழில் தெரிந்த திண்டுக்கல்லுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிந்திருக்கும். இரண்டு சிம், குச்சியால் தொடும் பெரிய ஸ்கிரீன், டி.வி. பார்க்க ஏரியல், கோயில் திருவிழா அளவுக்கு ஸ்பீக்கர், மெசேஜ் வந்தால் சுற்றிச் சுற்றி எரியும் கலர் லைட். விலையோ நோக்கியாவில் பாதிகூட இல்லை. பேர் மட்டும் "நோக்லா" என்று ஓர் எழுத்து சறுக்கியிருக்கும். ஒருவருக்கு மெசேஜ் வந்தால் பஸ்ஸில் இருப்பவர் எல்லோருக்கும் வந்த மாதிரி இருக்கும்.

சிரிப்பு 2009-ல் நின்றது. ஒவ்வொரு செட்டுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்று 15 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும். இந்த செட்டுகள் பலவற்றில் அது கிடையாது, அல்லது வரிசையாகப் பூஜ்யம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பு காரணம் காட்டி, 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு இப்படிப்பட்ட செட்டுகளுக்கு இணைப்பைத் துண்டிக்க அரசு உத்தரவிட்டது. நாடு முழுக்க சுமார் 2 கோடியே 50 லட்சம் செட்டுகள் இந்த வகையில் இருந்ததாக அப்போது மதிப்பிட்டார்கள். 199 ரூபாய் கட்டினால் முறையான எண் ஏற்றித் தரும் ஏற்பாடும் நடந்தது. பாதுகாப்புக் காரணம் நியாயம்தான். ஆனால் இரவோடு இரவாக செட் செத்தது யாருக்கு? பில் போட்டு நோக்கியா வாங்கியவருக்கு ஒன்றுமில்லை. ஆயிரத்தைந்நூறைச் சேர்த்து வைத்து வாங்கியவரின் கையில்தான் அது வெறும் பொம்மையானது.

இரண்டு வாசல், ஒரு சாவி

இரண்டு சிம் வேண்டும் என்று ஜனங்கள் சொன்னதை மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா எல்லாம் காதில் வாங்கின. மைக்ரோமேக்ஸின் ராகுல் சர்மா, மேற்கு வங்கத்தில் ஒருவர் லாரி பேட்டரியில் பி.சி.ஓ. ஓட்டுவதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று சொல்வார். அப்படி 2008-ல் வந்த எக்ஸ்1ஐ, ஒரு தடவை சார்ஜ் போட்டால் 30 நாள் நிற்கும் என்று விற்றது. "சார்ஜ் நிக்குமா?" என்ற கேள்விக்கு ஒரு கம்பெனி நேராகச் சொன்ன பதில் அது.

நோக்கியா? 2010-ல்தான் சி1-00 என்று இரண்டு சிம் செட்டை அறிவித்தது. அதிலும் ஒரு சமயத்தில் ஒரு சிம்தான் உயிரோடு இருக்கும். ஹேஷ் பட்டனை அழுத்திப் பிடித்தால் இது தூங்கி அது எழுந்திருக்கும். பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட் மாதிரி! இரண்டு சிம்மும் ஒருசேர விழித்திருக்கும் செட்டை நோக்கியா கொண்டுவருவதற்குள் ஜனங்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

கேலி இங்கே கசப்பாகிறது. அந்த நோக்கியா செட்டுகள் 2006 முதல் நம் ஸ்ரீபெரும்புதூரில்தான் தயாராயின. பல மாவட்டங்களிலிருந்து போன பிள்ளைகள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். வரித் தகராறு, மைக்ரோசாஃப்ட் விற்பனை, குறைந்துபோன ஆர்டர் எல்லாம் சேர்ந்து 2014 நவம்பர் 1 அன்று தொழிற்சாலை மூடப்பட்டது. ஜனங்கள் கேட்டதைக் காதில் வாங்காத தப்பு தலைமையகத்துடையது. வேலை போனது லைனில் நின்ற பெண்ணுக்கு. 2019-ல் சால்காம்ப் கம்பெனி அந்த இடத்தை வாங்கியது. அங்கே சார்ஜர் தயாராகிறது. 2020-லிருந்து ஆப்பிளும், பின்னாலேயே வேறு சில கம்பெனிகளும் பெட்டியில் சார்ஜர் வைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பது தனி ஜோக் :-)

கணக்கு முடிப்பு

2008-லிருந்து சில வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டியது. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் எத்தனையோ. அப்போது டார்ச்சும் நீடிக்கும் பேட்டரியும் உள்ள செட் வைத்திருந்தவர்தான் ராஜா. கேமரா செட்டுக்காரர் சார்ஜர் ஒயரோடு கரண்ட் வரும் நேரத்துக்குக் காத்திருந்தார்.

இன்று இருபதாயிரத்துக்குள் வருகிற செட்டுகளிலும் பழைய வித்தை தொடர்கிறது. பின்பக்கம் மூன்று கண் இருக்கும். அதில் ஒன்று 2 மெகாபிக்சல் மேக்ரோ, எறும்பு வந்து போஸ் கொடுத்தால் உண்டு. "8 ஜிபி + 8 ஜிபி ராம்" என்பார்கள், இரண்டாவது எட்டு ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. கடன் வாங்கிச் சொத்துக் கணக்கு காட்டுவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை.

சறுக்கிய இடமும் ஒன்று. பெரிய ஸ்கிரீன், தொடுதிரை, இரண்டு சிம், சத்தமான ஸ்பீக்கர் என்று எதையெல்லாம் வைத்துக் கொரியன் செட்டைச் சிரித்தார்களோ, அத்தனையும் இன்று எல்லா செட்டிலும் இருக்கிறது. 2018-ல் ஐபோனுக்கே இரண்டு நம்பர் வசதி வந்தது! ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்காரரின் ஆசை முந்திப் போய்விட்டது, உலகம் பத்து வருடம் கழித்து வந்து சேர்ந்தது.

ஆகவே அடுத்த தடவை கடையில் யாராவது மெகாபிக்சல் கணக்கை அடுக்கினால் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு அந்தப் பழைய மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விற்பவர் கொஞ்சம் முழித்தால், செட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.