சேர்வராயன் மலையும் புதிய கற்கால மாட்டுப்பட்டிகளும்

சேலத்துக்கு வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையில் உள்ள சேர்வராயன் மலை, புதிய கற்காலத்தின் மெருகேற்றிய கற்கோடரிகள் மிகுதியாகக் கிடைத்த இடம். காட்டிலும் கொல்லையிலும் தட்டுப்பட்ட அவற்றை மலையாளிப் பழங்குடியினர் பிள்ளையார் கோயில்களில் சேர்த்து வைத்து வணங்கினர். கோடரிகளைத் திரட்டி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் (1834–1912). 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்ட அவர், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். கல்கத்தாவில் இறந்த அவருடைய அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

ஆனால் அக்கால மக்கள் மாடு வளர்த்த முறையைச் சொல்லும் தடயம் இம்மலையில் இல்லை. வடக்கே பெல்லாரி, ராய்ச்சூர்ப் பகுதிச் சாம்பல் மேடுகளில்தான் இருக்கிறது. இவை அரக்கனின் எலும்புகள் எரிந்த இடம் என்பது ஊர்க்கதை. எரிமலைக் கழிவு என்றும், பிணம் எரித்த சாம்பல் என்றும் படித்தவர்களும் ஊகித்துப் பார்த்தார்கள். எரிந்த மாட்டுச் சாணம் என்று ஃபூட் வலியுறுத்தினார். 1960 வாக்கில் தொல்லியலாளர் சாய்னர் செய்த ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. கடும் வெப்பத்தில் சில அடுக்குகள் உருகிக் கண்ணாடிபோல் இறுகியுள்ளன.

1957இல் தெலங்கானாவின் உட்னூரில் ரேமண்ட் ஆல்சின் அகழ்ந்தபோது, சாம்பல் மேட்டுக்கடியில் ஒரு மாட்டுப்பட்டியே வெளிப்பட்டது. பனைமரத் தண்டுகளை நட்டு அடைத்த வேலியின் குழிகள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே மாட்டுக் குளம்புத் தடங்கள் பதிந்திருந்தன. சாணம் சேரும், எரியும், மறுபடி வேலி எழும்: இது பலமுறை நடந்திருக்கிறது. காலம் ஏறத்தாழ கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதி.

பருவந்தோறும் மந்தையை ஓட்டிச்செல்வதன் தொடக்கத்திலோ முடிவிலோ சடங்காகத் தீ மூட்டினார்கள் என்பது ஆல்சினின் கருத்து. பொங்கலையொட்டி மாடுகளைத் தீ தாண்டச் செய்யும் வழக்கத்தை அவர் இதற்கு ஒப்பிட்டார். தக்காணத்தில் மழைக்காலப் புல் கோடையில் காய்ந்துவிடும்; மந்தை ஒரே இடத்தில் ஆண்டு முழுதும் நிற்க முடியாது. மந்தையை ஓட்டிச்சென்றதற்கு இந்தக் காரணம் வலுவானது. சடங்கு பற்றிய விளக்கம் அவ்வளவு வலுவானதல்ல. உண்ணியும் நோயும் பரவாமலிருக்கக்கூடப் பட்டியைக் கொளுத்தியிருக்கலாம். பின்னர் கர்நாடகத்தின் புதிஹாலில் கே. பத்தய்யா செய்த அகழாய்வில் சாம்பல் மேட்டை ஒட்டியே வீடுகள் வெளிப்பட்டன. எல்லாமே தற்காலிகக் காட்டுப் பட்டிகள் என்ற எண்ணம் அதனால் தளர்ந்தது. ஒரு பகுதியினர் ஊரில் தங்க, மேய்ப்பர்கள் மட்டும் மந்தையோடு போனார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

தமிழகத்தில் இந்த வாழ்க்கை முறைக்கு நெருங்கிய சான்று திருப்பத்தூர் அருகே பையம்பள்ளி. இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அங்கே அகழ்ந்தது. கிடைத்த கொள்ளும் பச்சைப்பயறும் அங்கு வாழ்ந்தவர்கள் மேய்ச்சலோடு மானாவாரி வேளாண்மையும் செய்ததைக் காட்டுகின்றன.

காட்டுப் பட்டி முறை இன்றும் அற்றுப்போகவில்லை. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் செம்மறை மாடுகளைக் காட்டில் மேயவிட்டு இரவில் பட்டியில் அடைக்கிறார்கள். சாணத்தை இப்போது யாரும் கொளுத்துவதில்லை; சமவெளி விவசாயிகளுக்கு எருவாக விற்கிறார்கள்.